யோகேஸ்வரியின் ஒரே பட்டியல்

யோகேஸ்வரிக்கு எதுவுமே மறக்காது என்று தொழிற்சாலையில் எல்லாரும் சொல்வார்கள். அது உண்மையில்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கு எல்லாமே மறக்கும். மறக்கும் என்று தெரிந்ததால்தான் எல்லாவற்றையும் கைப்பேசியில் போட்டு வைத்தாள்.

சிடாம் கிரிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிய கையோடு தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி, சுங்கைப்பட்டாணியில் மருத்துவக் கருவிகளுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பல வருடம் இயந்திரத்தின் முன்னால் நின்றே வேலை பார்த்தாள். கல்யாணம் ஆகி, பெண் குழந்தை பிறந்த பிறகு, வார இறுதி வகுப்புக்குப் போய் ஒரு டிப்ளோமா வாங்கினாள். அதன் பலனாகத் திட்டமிடல் பிரிவில் ஒரு நாற்காலி கிடைத்தது. எந்த இயந்திரத்தில் எந்த அச்சை ஏற்றுவது, எந்தச் சரக்கு எப்போது கிளம்புவது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை.

கணவன் அழகேசன் கொள்கலன் லோரி ஓட்டுகிறவன். ஜொகூர் வரைக்கும் போவான். வீட்டில் இருக்கும் நாட்களை விட நெடுஞ்சாலையில் இருக்கும் நாட்கள் அதிகம். நல்ல மனிதன்தான். ஆனால் வீட்டில் என்ன தீர்ந்தது, என்ன கட்ட வேண்டும், எந்த நாளில் எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் அவன் தலையில் நிற்பதில்லை. அதனால் எல்லாம் யோகேஸ்வரியின் தலையில். அவளோ அதை அப்படியே கைப்பேசிக்கு மாற்றிவிடுவாள். வீட்டுக் காடிக்கு ரோட் டெக்ஸ், சமையல் கேஸ் தோம்பு, மகள் லோஷினியின் டியூஷன், அழகேசனின் இரத்த அழுத்த மாத்திரை. ஒன்றை முடித்து விரலால் தொட்டால் அதன் மேல் ஒரு கோடு விழும், டிங்கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே சில வேலைகளை முடித்த பிறகு பட்டியலில் சேர்த்து, உடனே தொட்டு அழிப்பாள். லோஷினிக்குக் கைப்பேசி வாங்கிக் கொடுத்தபோது வீட்டுப் பட்டியலை அவளுக்கும் பகிர்ந்து வைத்தாள். அம்மா எதை முடித்தாள், எதை முடிக்கவில்லை என்று மகள் பார்த்துக்கொள்வாள். பாதிப் பேச்சு அதிலேயே முடிந்துவிடும்.

பிரிவுக்குத் தலைவியாக ஷாமளா வந்தாள். பாயான் லெப்பாஸில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவள். யோகேஸ்வரியை விட வயதில் சின்னவள். கெட்ட பெண் இல்லை. வந்த முதல் மாதமே குழு மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்தாள். ஆளுக்காள் வாட்ஸ்எப்பில் கத்திக்கொண்டிருக்க வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே பலகையில் போடுவோம் என்றாள். ஒவ்வொரு வேலையும் ஓர் அட்டையாகத் திரையில் நிற்கும். அதில் யார் பெயரை வேண்டுமானாலும் யாரும் போடலாம். பெயர் விழுந்ததும் அந்த ஆளின் கைப்பேசி அதிரும். நாள் தாண்டினால் அட்டை சிவப்பாகும். காலைக் கூட்டத்தில் அந்தப் பலகையைச் சுவரில் காட்டுவார்கள்.

யோகேஸ்வரிக்கு இப்போது இரண்டு பட்டியல். ஒன்றைப் பார்க்கும்போது மற்றது கண்ணில் படாது. லோஷினியின் பள்ளியில் பரிசளிப்பு விழாவுக்கு அரைநாள் விடுப்பு எடுத்துப் போன அன்று, அச்சு மாற்றச் சொல்லி ஓர் அட்டை வந்திருக்கிறது. அவள் பார்க்கவில்லை. மறுநாள் சுவரில் அவள் பெயர் சிவப்பில் நின்றது. யாரும் திட்டவில்லை. ஆனால் எல்லாரும் அந்தச் சிவப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் ஷாமளா அவளைத் தனியாக அழைத்தாள்.

"அக்கா, நீங்க சொந்தமா ஒரு ஆப் வச்சிருக்கீங்கதானே? அதையும் நம்ம போர்டையும் கனெக்ட் பண்ணிடுங்க. எல்லாம் ஒரே இடத்துல வந்துரும். நானே அப்படித்தான் வச்சிருக்கேன். செனாங் லா, ரொம்ப ஈசி."

கணினிப் பிரிவில் இருந்த சசிதரன் அதைச் செய்து கொடுத்தான். கெந்தீனில் உட்கார்ந்து, அவள் வாங்கிக் கொடுத்த தே தாரேக் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இடையில் திரை ஏதோ கேட்டது. "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமாக்கா?" என்றான் அவன்.

"எது நல்லது?"

"ரெண்டு பக்கம்தான்கா ஃபுல்லு. இங்க மாத்தினா அங்க மாறும், அங்க மாத்தினா இங்க மாறும்."

"அப்ப அதையே போடு தம்பி."

முதல் சில வாரம் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரே பட்டியல், அச்சு மாற்றமும் அதில்தான், மாத்திரையும் அதில்தான். பிறகு மெல்ல மெல்ல அலுவலக அட்டைகள் மேலே வந்து குவிந்தன. அவசரம் என்று குறியிட்டவை தானாக உச்சிக்கு ஏறும். வீட்டு வேலைகள் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கேஸ் தோம்பைத் தேட விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போக வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வாழையிலை வாங்கப் பாசாருக்குப் போனவள், அங்கே நின்றபடி யாரோ கேட்ட சரக்குக் கணக்குக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். இலையை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

இன்னொன்றும் நடந்தது. ஒரு காலைக் கூட்டத்தில் பலகையைச் சுவரில் காட்டியபோது, சிலிக்கோன் குழாய்களுக்கும் பொட்டலம் கட்டும் பெட்டிகளுக்கும் நடுவில் ஓர் அட்டை நின்றது. 'அப்பாவுக்கு உள்பனியன் வாங்கணும்.' அவள் பெயரில். இரண்டு பக்கம் என்றால் என்ன என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தேதி போட்டு அவள் எழுதுவதெல்லாம் பலகைக்கும் போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். முகமெல்லாம் சுட்டது.

சசிதரனிடம் போய்க் கேட்டாள். அவன் நோண்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "பிரிக்கலாம்கா. ஆனா உங்க பழைய லிஸ்ட்டெல்லாம் இப்ப கம்பெனி கணக்குலதான் இருக்கு. கழட்டினா எல்லாம் போயிரும்னு நெனக்கிறேன். ஹெட்குவாட்டர்ஸ்ல கேட்டுச் சொல்றேனே."

கேட்டானோ இல்லையோ, பதில் வரவில்லை. அதற்குப் பிறகு யோகேஸ்வரி வீட்டு விஷயங்களைச் சுருக்கி எழுதக் கற்றுக்கொண்டாள். படிக்கிறவர்களுக்குப் புரியாத மாதிரி ஒற்றைச் சொல்லில் எழுதினாள். 'தோம்பு', 'மாத்திரை'.

எஸ்.பி.எம். முடிவு வந்தபோது லோஷினிக்கு நல்ல மதிப்பெண். கணக்கிலும் வேதியியலிலும் அவள் எதிர்பார்த்ததற்கு மேலேயே வந்திருந்தது. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசாங்கப் படிப்பான மெட்ரிகுலேஷனில் இடம் கிடைக்கவில்லை. பெயர் வரும் வரும் என்று இணையத்தில் பார்த்துக்கொண்டே இருந்தவள், வரவில்லை என்று தெரிந்த அன்று சாப்பிடாமல் படுத்தாள். மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். அதற்குக் கொஞ்ச நாள்தான் அவகாசம். லோஷினி அப்போது அலோர் ஸ்டாரில், மெர்கோங்கில் இருந்தாள். அங்கே அழகேசனின் அக்காள் மருதம்மாள் துணிக்கடை வைத்திருக்கிறாள். முடிவுக்குக் காத்திருந்த மாதங்களில் அத்தைக்கு உதவியாகப் போயிருந்தாள்.

மேல்முறையீட்டோடு பெற்றோர் இருவரின் வருமானச் சான்றும் இணைக்க வேண்டும் என்றிருந்தது. யோகேஸ்வரியின் சம்பளச் சீட்டு அவள் கையிலேயே இருந்தது. அழகேசனின் முதலாளிதான் கடிதம் தர இழுத்துக்கொண்டிருந்தார். தாள்கள் எல்லாம் இங்கே இருந்ததால், லோஷினி அழைத்தபோது யோகேஸ்வரி சொன்னாள்:

"நீ ஒண்ணும் பண்ணாத. அப்பா லெட்டர் கெடச்சதும் நானே கம்பெனியில ஸ்கேன் பண்ணி உன் பேருல போட்டுடறேன். பாஸ்வர்ட மட்டும் அனுப்பு."

"கன்ஃபர்மா மா?"

"லிஸ்ட்டுல போட்டுட்டேன் பாரு."

பட்டியலில் போட்டிருந்தாள். 'ராயுவான்.' மேல்முறையீட்டுக்கு மலாய்ச் சொல். அவ்வளவுதான் எழுதியிருந்தாள், கூடவே ஒரு தேதி. மகளின் தோல்வி தொழிற்சாலைச் சுவரில் ஏற வேண்டாம் என்று நினைத்தாள்.

அழகேசன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்த வாரத்தில்தான் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் தொழிற்சாலையைச் சோதிக்க வந்தார்கள். அந்த வாரம் யாருக்கும் மூச்சு விட நேரமில்லை. தரையைத் துடைத்தார்கள், பெயர்ப்பலகைகளை மாற்றினார்கள். பலகையிலும் சிவப்பு இருக்கக் கூடாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. அவர்கள் வந்த அன்று காலை ஷாமளா, முடியாமல் கிடந்த அட்டைகளையெல்லாம் ஒரே தட்டில் தேர்ந்தெடுத்து 'முடிந்தது' என்று மாற்றினாள். விருந்தாளிகள் போன பிறகு தேவையானதைத் திரும்பத் திறந்துகொள்ளலாம் என்பது அவள் கணக்கு. ஊர் உலகத்தில் எல்லா அலுவலகத்திலும் செய்வதுதான்.

யோகேஸ்வரி அன்று பகல் முழுக்க வந்தவர்களோடு உள்ளே இருந்தாள். கைப்பேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெளியே வந்து எடுத்துப் பார்த்தால் பட்டியல் காலியாக இருந்தது. முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை. மாறாக, உடம்பெல்லாம் லேசானது. காலியான அந்த வெள்ளைத் திரையை எத்தனை காலம் கழித்துப் பார்க்கிறாள்! ஷாமளா மிஸ் துடைத்துவிட்டார், திங்கட்கிழமை திரும்ப வரும் என்று நினைத்துக்கொண்டாள். தலை வலித்தது. வீட்டு வேலைகளும் அந்தத் துடைப்பில் போயிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கடிதம் கைப்பைக்குள் இருந்தது. அதை ஞாபகப்படுத்தும் வேலையைப் பட்டியலிடம் விட்டு வெகு நாளாகியிருந்தது.

அன்று மாலை லோஷினியிடமிருந்து செய்தி வந்தது. "தேங்க்ஸ் மா. நீதான் பெஸ்ட்." முதல் நாள்தான் அழகேசன் வடக்கே போகும்போது மகளுக்கு ஒரு புதுச் சுடிதார் கொடுத்தனுப்பியிருந்தாள். அதற்குத்தான் நன்றி சொல்கிறாள் என்று யோகேஸ்வரி நினைத்துக்கொண்டாள். மெர்கோங்கில் இருந்தவள் பார்த்தது வேறு. அவள் கைப்பேசியில் 'ராயுவான்' மேல் கோடு விழுந்திருந்தது.

திங்கட்கிழமை ஷாமளா அட்டைகளைத் திரும்பத் திறந்தாள். எது எது இன்னும் நடக்கும் வேலை என்று அவளுக்குத் தெரிந்ததோ அதையெல்லாம் திறந்தாள். 'தோம்பு', 'ராயுவான்' என்று கிடந்தவை என்னவென்று தெரியவில்லை. பழைய குப்பை என்று விட்டுவிட்டாள்.

அந்த வாரமும் ஓடியது. அதற்கடுத்த வாரத்தில் ஒரு மதியம் லோஷினி அழைத்தாள்.

"மா, ஸ்டேட்டஸ் செக் பண்ணேன். ரெக்கோர்ட் இல்லன்னு வருது."

"என்னா ரெக்கோர்ட்?"

"ராயுவான் மா. நீ போட்டியே. எந்த மெயில்ல போட்ட? நம்பர் ஏதாச்சும் வந்துச்சா?"

யோகேஸ்வரி கைப்பையைத் திறந்தாள். கடிதம் மடித்தபடி இருந்தது.

"மா?"

"இரு" என்றாள். "இரு பாப்பா, நான் பாத்துட்டுக் கூப்பிடறேன்."

கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். விண்ணப்பக் காலம் முடிந்துவிட்டது என்று மலாயில் மரியாதையாக எழுதி, நன்றியும் சொல்லியிருந்தது. மூடிவிட்டுத் திரும்பத் திறந்தாள். கைப்பேசியில் திறந்தாள். பக்கத்து மேசைக் கணினியில் திறந்தாள். எல்லாவற்றிலும் அதே வாசகம், அதே நன்றி. கொடுத்திருந்த எண்ணுக்கு அழைத்தாள். பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். பாட்டு முடிந்ததும் தொடர்பு அறுந்தது. மறுபடி அழைத்தாள். மறுபடி பாட்டு.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு மகளையும் கூட்டிக்கொண்டு அலோர் ஸ்டாரில் கல்வி அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த மலாய்க்கார அதிகாரி நல்லவர். உட்காரச் சொன்னார். லோஷினியின் மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு, 'சாயாங்' என்று உச்சுக்கொட்டினார். வீணாகிவிட்டதே என்ற வருத்தம் அவர் முகத்தில் உண்மையாகவே தெரிந்தது. விண்ணப்பமே இல்லாத ஒன்றைத் திறக்கத் தனக்கு வழியில்லை, தனக்கு மேலே இருப்பவருக்கும் இல்லை, கணினி மூடினால் மூடியதுதான் என்றார். ஒரு வேண்டுகோள் எழுதிக் கொடுங்கள், அனுப்பி வைக்கிறேன் என்றும் சொன்னார். யோகேஸ்வரி அங்கேயே எழுதிக் கொடுத்தாள். அவர் அதில் முத்திரை குத்தி ஒரு தட்டில் வைத்தார். தட்டில் ஏற்கெனவே நிறையத் தாள்கள் இருந்தன.

வெளியே வந்து காடியில் உட்கார்ந்தார்கள். சாவியைப் போட்டும் யோகேஸ்வரிக்குக் கிளப்பத் தோன்றவில்லை.

"என்னை ஏதாச்சும் திட்டு பாப்பா" என்றாள்.

லோஷினி கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் பாத்திருக்கணும் மா. டிக் விழுந்திருக்கேன்னு விட்டுட்டேன்."

"நீ சின்னப் பிள்ள."

"பதினெட்டு ஆச்சு மா எனக்கு." அதற்குப் பிறகு, "காடிய எடு மா. வெயிலு" என்றாள்.

அன்று அழகேசனிடம் தொலைபேசியில்தான் சொல்ல முடிந்தது. அவன் தெற்கே எங்கோ ஓய்விடத்தில் லோரியை நிறுத்தியிருந்தான். பின்னால் பெரிய வண்டிகளின் இரைச்சல். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"அந்த லெட்டர நான் ஒரு வாரம் முந்தி வாங்கியிருந்தா..." என்றான்.

"லெட்டர் என் பைக்குள்ளதாங்க இருந்துச்சு."

"சரி. விடு."

விடு என்றால் எதை விடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் கத்தியிருந்தால் அவளும் திருப்பிக் கத்தியிருப்பாள், அழுதாவது இருப்பாள்.

ஷாமளாவிடம் கேட்க வேண்டும் என்று மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டுதான் தொழிற்சாலைக்குப் போனாள். 'என் பிள்ளையோட வாழ்க்கைய ஒரு தட்டுல அழிச்சிட்டீங்களே மிஸ்.' அப்படியே கேட்பது என்று முடிவு செய்திருந்தாள். ஆனால் அறைக்குள் போய் நடந்ததைச் சொன்னபோது ஷாமளாவின் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து கதவைச் சாத்தினாள்.

"நான் படிச்சுக்கூடப் பாக்கலக்கா. எல்லாத்தையும் செலக்ட் பண்ணேன், டிக் பண்ணேன். சத்தியமா உங்க வீட்டு விஷயம்னு தெரியாதுக்கா. உங்க பேரு இருந்துச்சு, ஆபீஸ் வேலைன்னு..." அதற்கு மேல் பேச முடியாமல் அழ ஆரம்பித்தாள்.

யோகேஸ்வரி மேசையில் இருந்த தாள் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். "பரவால்ல மிஸ்" என்றாள். "அழாதீங்க. பரவால்ல." சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று தன் மேலேயே கோபம் வந்தது. பரவாயில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் அழுகிற ஒருத்தியிடம் வேறு என்ன சொல்வது? அடுக்கி வைத்திருந்த வாக்கியம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

சசிதரன் பதிவுகளைத் தோண்டி எடுத்துக் காட்டினான். எந்த நிமிடத்தில் பலகையில் மாறியது, எந்த நிமிடத்தில் அவள் கைப்பேசியில் மாறியது, எந்த நிமிடத்தில் லோஷினியின் கைப்பேசிக்குப் போனது என்று எல்லாம் வரிசையாக இருந்தது. அவன் பார்த்துக்கொண்டே போய், தன்னையறியாமல் சொன்னான்:

"இதுல எரர் ஒண்ணும் இல்லக்கா. சிங்க் கரெக்டாதான் வேல செஞ்சிருக்கு."

சொன்ன பிறகுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான். "சோரிக்கா" என்றான்.

அவள் அவனையும் ஒன்றும் சொல்லவில்லை. யாரைப் பிடித்துக் கேட்பது என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். சசி கேட்டதற்கு இரண்டு பக்கம் என்று சொன்னது அவள்தான். ஒற்றைச் சொல்லில் எழுதியதும் அவள்தான். ஷாமளா செய்தது எல்லாரும் செய்வது. முதலாளி கடிதம் தர இழுத்தார், அது முதலாளிகளின் வழக்கம். அதிகாரி நல்லவர். எங்கே கையை வைத்தாலும் பிடிமானம் வழுக்கியது. தன்னைத் தவிர வேறு யாரும் அவள் கையில் சிக்கவில்லை.

பிரித்துக் கொடு என்று மட்டும் சசிதரனிடம் மறுபடி கேட்டாள். அவன் மேலே எழுதினான். இந்த முறை பதில் வந்தது. புதிய விதிப்படி திட்டமிடல் பிரிவில் இருப்பவர்கள் எல்லாரும் சொந்தக் கைப்பேசியிலும் பலகையை இணைத்தே வைத்திருக்க வேண்டும். இணைப்பது சுலபம் என்று முன்னுதாரணம் காட்டியதற்கு நன்றி என்று அதில் அவள் பெயரையும் குறிப்பிட்டிருந்தார்கள். சசிதரன் அதை அவளிடம் காட்டத் தயங்கினான். அவளே வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

வீட்டு விஷயங்களை அதில் எழுதுவதை நிறுத்தினாள். தலையில் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். தலையோ பழக்கம் விட்டுப் போயிருந்தது. குளிக்கும்போது திடுக்கென்று ஏதோ ஞாபகம் வரும். ஈரக்கையோடு வெளியே வருவதற்குள் போய்விடும். அழகேசனின் மாத்திரை ஒரு தடவை தீர்ந்தே போயிற்று. வேலையில் அட்டைகள் முன்பு போலவே வந்து விழுந்தன. அவள் முன்பு போலவே முடித்துக்கொண்டிருந்தாள். டிங்கென்ற சத்தத்தை மட்டும் அணைத்து வைத்தாள்.

எழுதிக் கொடுத்த வேண்டுகோளுக்குப் பதில் வரவில்லை. லோஷினி சுங்கைப்பட்டாணியிலேயே ஒரு பள்ளியில், எஸ்.டி.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் ஆறாம் படிவத்தில் சேர்ந்தாள். பாடம் கஷ்டம், காலம் அதிகம். தோழிகளில் சிலர் மெட்ரிகுலேஷன் விடுதியிலிருந்து படங்கள் அனுப்புவார்கள். அவள் அவற்றுக்கு இதயம் போடுவாள். அம்மாவிடம் எரிந்து விழவில்லை, முகம் தூக்கவில்லை. என்ன சமைத்தாலும் சாப்பிட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். முன்பு கேட்காததற்கும் சொல்வாள்.

பள்ளி விடுமுறையில் மருதம்மாள் மெர்கோங்கிலிருந்து வந்திருந்தாள். அழகேசனும் வீட்டில் இருந்தான். கருவாடு வாங்கலாம் என்று எல்லாருமாகத் தஞ்சோங் டாவாய்க்குப் போனார்கள். ஆற்று முகத்துவாரத்தில் படகுகள் வந்து நின்றிருந்தன. கடைகளின் முன்னால் தட்டுத் தட்டாக நெத்திலி வெயிலில் பளபளத்தது. மருதம்மாள் ஒவ்வொரு கடையிலும் முகர்ந்து பார்த்து விலை கேட்டபடி நடந்தாள். நடுவில் அவளுக்குப் பழைய ஆற்றாமை கிளம்பிவிட்டது.

"எனக்கு இன்னும் மனசே ஆறல தம்பி. இவ்வளவு மார்க் எடுத்த பிள்ள. முதல்லயும் குடுக்கல, ராயுவான் போட்டும் தள்ளிட்டானுங்க. ஏன்? நம்ம பிள்ளங்கன்னா மட்டும் இப்படி. மேல இருக்கறவனுங்களுக்குக் கண்ணு இல்லையா?"

மேல்முறையீடு தள்ளுபடியாகிவிட்டது என்றுதான் லோஷினி அத்தையிடம் சொல்லி வைத்திருக்கிறாள் என்பது யோகேஸ்வரிக்கு அப்போதுதான் தெரிந்தது. மகளைத் திரும்பிப் பார்த்தாள். லோஷினி ஒரு தட்டிலிருந்து நெத்திலி ஒன்றை எடுத்து அதன் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"விடுங்க அத்தை" என்றாள். "கெடச்சிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். எனக்கு எஸ்.டி.பி.எம்.தான் பிடிச்சிருக்கு."

"நீ சும்மா இரு. ஒனக்கு என்னா தெரியும்? இதையெல்லாம் கேக்கணும். பேப்பர்ல போடணும். என்னா யோகேஸு, நான் சொல்றது சரிதானே? நீ ஒரு தாயி, ஒனக்கு வயிறு எரியல?"

யோகேஸ்வரி வாயைத் திறந்தாள். அழகேசன் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டான். லோஷினி அம்மாவைப் பார்த்து, மருதம்மாளுக்குத் தெரியாமல், வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள்.

"எரியுது அண்ணி" என்றாள் யோகேஸ்வரி.

மருதம்மாள் திருப்தியோடு தலையாட்டிவிட்டு, இன்னும் உரக்கப் பேசத் தொடங்கினாள். கடைக்காரர் பிளாஸ்டிக் பையைப் பிரித்து வைத்துக்கொண்டு, பெரிய நெத்திலியா, சின்னதா என்று மலாயில் கேட்டார். யோகேஸ்வரி மகளின் கையில் இருந்த தலையில்லாத நெத்திலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இன்னொரு தடவை கேட்டார்.